படாளம் ஸ்டைலும் ஒரு கொசுறும்

கோவளத்தில் கடற்காற்றின் விலை நாளொன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய். முதலில் சொன்ன விலை நானூறு. ரத்னா பேசிப் பேசி நூற்றைம்பதைக் கரைத்தாள்.

காற்றுக்குக் கூடவா வாடகை என்று வாயைப் பிளக்கிறவர்கள் கோவளம் பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு நாள் தள்ளுவண்டி போட்டுப் பார்க்கட்டும். ஸ்டாப்புக்குக் கிழக்கே, கடல் பக்கமாக, பெஞ்சமினின் பஞ்சர் கடை. அதற்கு முன்னால் எட்டடிக்கு ஆறடி சிமெண்டுத் தரை. அங்கே அடுப்பை மூட்டி எதைப் பொரித்தாலும் சரி, கடலிலிருந்து வரும் காற்று அந்த வாசனையைப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மூக்கில் நேராக இறக்கிவிடும். "தரை இன்னா தரை, எங்க வேணா கீது. நான் வாங்குறது காத்துக்கு" என்பான் பெஞ்சமின். கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் ஆயிரம் பேர். காசு கொடுத்து வாங்குகிறவள் ரத்னா ஒருத்திதான்.

ரத்னா இருபது வருடம் மீன் விற்றவள். ஹாட் டாக் வியாபாரத்துக்கு வந்தது தற்செயல். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடலோரத்தில் மூடிப்போன ஒரு ஓட்டலின் சாமான்களை ஏலம் விட்டபோது, மீனுக்கு ஐஸ் பெட்டி வாங்கப் போனாள். விலை முடிந்ததும் பழக்கம் விடாமல் கையை நீட்டி, "கொசுறு?" என்று கேட்டாள். கோட்டு போட்ட ஏலக்காரருக்கு அந்தக் கையைத் தாண்டிப் போக வழி தெரியவில்லை. மூலையில் கிடந்த, உருளைகள் தானாகச் சுற்றுகிற ஒரு மெஷினை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது ஹாட் டாக் சுடுகிற மெஷின் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் சப்பாத்தி தேய்க்கப் பார்த்தாள்.

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கொசுறைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விலை படிந்து, காசு கைமாறி, பையில் மீனும் விழுந்தபிறகு, மேலே இன்னும் ஒரு சின்ன மீன் விழ வேண்டும். அது விழுந்தால்தான் வியாபாரம் முடிந்தது. இல்லாவிட்டால் வாங்கினவன் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான். ரத்னாவின் கை இதை அவளைக் கேட்காமலே செய்யும். நாலு ஹாட் டாக் விற்றால் ஐந்தாவதை நாலாக நறுக்கி, ஆளுக்குக் கால் பங்கு மேலே வைத்துவிடும்.

பிளந்த நீளப் பன்னுக்குள், செங்கல்பட்டிலிருந்து வரும் கோழி சாசேஜ். அதன்மேல் அவளுடைய மீன் வறுவல் மசாலா, வெங்காயம், புதினா சட்னி, முறுகலாக நாலு நெத்திலி. சைவக்காரர்களுக்கு வாழைக்காயை வேகவைத்து மசித்து அதே நீளத்துக்கு உருட்டி வைத்திருப்பாள். சொல்லும் விலை நூறு, விற்கும் விலை அறுபது. பெயரை வைத்து அந்தப் பழைய நாய் ஜோக்கை அடிக்கிறவர்களுக்கு மட்டும் பத்து ரூபாய் கூடுதல். அது கடைச் சட்டம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை அந்த வெள்ளை வேன் வந்து நிற்கும்வரை.

வேனின் பக்கவாட்டில், 'அமெரிக்காவின் மூன்று நகரங்கள் ஒரே வண்டியில்! நியூயார்க் ஸ்டைல், சிகாகோ ஸ்டைல், டெக்சாஸ் ஸ்டைல்' என்று எழுதியிருந்தது. டெக்சாஸ் நகரம் அல்ல, மாநிலம் என்று பிறகு ஒருவர் சொன்னபோது வேன்காரனுக்கே அது புதுச் செய்தி. அவன் பெயர் தாமோதரன். ஊர் ஊரப்பாக்கம். வயது முப்பது. அதுவரை அவன் போன அதிக தூரம் திருப்பதி.

இறங்கினதும் ரத்னாவின் வண்டியை எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, இதுல எத்தினி நாயி?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

ரத்னா சிரிக்கவில்லை. மனசுக்குள் பத்து ரூபாய் எழுதிக்கொண்டாள். "சிகாகோ போயிருக்கியா தம்பி?"

"வீடியோ பார்த்துக்கீறேன். நாப்பது வீடியோ."

"நானும்தான் நிலாவைத் தெனம் பாக்குறேன்."

தாமோதரன் அவளை விட்டுவிட்டு நேராகப் பெஞ்சமினிடம் போனான். "அண்ணே, இந்த எடத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு தரேன்" என்றான். பெஞ்சமின் அப்போது ஒரு ட்யூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். ஐந்நூறு என்ற சொல் காதில் விழுந்ததும் அடிப்பதை நிறுத்த மறந்துபோனான். ட்யூப் வெடித்தது.

பெஞ்சமினுக்குத் தலை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். தலை ஐந்நூறு என்றது. வயிறு ரத்னாவின் நெத்திலி என்றது. ரத்னாவுக்கோ இரண்டே வழிதான். ஐந்நூறு கொடுத்தால் லாபம் மொத்தமும் காற்றோடு போகும். கொடுக்காவிட்டால் ரோட்டுக்கு மேற்கே, கல்யாண மண்டபத்து மதில் ஓரமாகப் போக வேண்டும். ஒரு தடவை அங்கே கடை போட்டுப் பார்த்திருக்கிறாள். நாள் முழுக்க விற்றது நாலு. அதில் ஒன்றை ஆடு தின்றது. ஆட்டுக்காரனிடம் காசு வசூலிக்க ஒரு வாரம் அலைந்தாள்.

"துட்டைப் பாத்து வாக்கு மாறிட்டான் பெஞ்சமின்னு ஊர் பேசக்கூடாது பாரு" என்றான் பெஞ்சமின், யாரும் பேசுவதற்கு முன்னாலேயே. "ஞாயித்துக்கெழமை போட்டி. ஆளுக்கு நூறு ஹாட் டாக் கொண்டாங்க. பத்து மணிலேர்ந்து நாலு மணி. யாரு தட்டு மொதல்ல காலியாவுதோ, எடம் ஒரு வருசத்துக்கு அவங்குளுது. ரத்னா கெலிச்சா பழைய வாடகை. நீ கெலிச்சா ஐந்நூறு. ரெண்டு பேருதும் மிச்சம் வியுந்தா, யாருக்குக் கம்மியோ அவங்க கெலிச்ச மாரி."

"ஞாயித்துக்கெழமை இந்தக் காத்துல யாரு நிக்கறது?" என்றான் தாமோதரன். ஊரப்பாக்கத்துக்காரனாக இருந்தாலும் விவரமானவன்.

"இந்த மாசத்துக் காத்துக்கு நான் துட்டு கட்டியாச்சு" என்றாள் ரத்னா. "எண்ணூறு குடுத்தா ஒரு நாளைக்கு வுட்டுத் தரேன்."

"எண்ணூறா! காத்துக்கா! முந்நூறு."

"முந்நூறுக்கு ஃபேன் வாங்கி வச்சிக்கோ."

"சரி, நானூறு."

"காத்த உன்கிட்ட குடுத்துட்டு நான் இன்னா பண்றது? மதிலாண்ட நின்னுகினு வாயால ஊதவா?" ரத்னா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான். ஆனால் கண்ணீர் என்று அவன் நினைத்தால் அது அவன் பாடு. "புள்ளைங்க படிக்கிற வூடு தம்பி. பாத்துச் செய்யி."

ஐந்நூறில் படிந்தது. இருநூறு முன்பணம் கொடுத்துவிட்டு, பெரிய இடத்தை வளைத்துவிட்ட நடையில் தாமோதரன் வேனில் ஏறிப் போனான்.

அவன் போனதும் பெஞ்சமின் அவளைப் பார்த்தான். அவள் பெஞ்சமினைப் பார்த்தாள். இரண்டு பேரும் கடற்கரையில் பிறந்தவர்கள். ஆனி மாதத்தில் காலை நேரத்துக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் ஜட்ஜி. எனக்கு ஒண்ணியும் தெரியாது" என்றான் பெஞ்சமின்.

வீட்டில் ரத்னாவின் புருஷன் மாயவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மாயவனுக்குப் பேச ஒரே விஷயம்தான்: காற்று. கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "இன்னைக்கு வாடை கொஞ்சம் ஜாஸ்தி" என்பது.

"யோவ், ஞாயித்துக்கெழமை கரைக்காத்து எத்தினி மணி வரிக்கும் அடிக்கும்?"

மாயவன் வாசலுக்கு வந்து, மூக்கைத் தூக்கி, நாலு திசையையும் மோந்து பார்த்தான். "ரெண்டரைக்கு மின்ன திரும்பாது. திரும்புனா என் மீசைய எடுத்துக்கறேன்."

ரத்னா கணக்குப் போட்டாள். கரைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே. அப்படியானால் மதில் ஓரத்து வாசனைதான் பஸ் ஸ்டாப்புக்கு வரும். காசு கொடுத்து வாங்கின இடத்து வாசனை கடலுக்குப் போகும். ரெண்டரைக்குள் தொண்ணூறைத் தள்ளிவிட்டால், மிச்சம் பத்தை ஆட்டுக்குப் போட்டால்கூட ஜெயிப்பு.

ஞாயிற்றுக்கிழமை. கணக்கு எழுத நடுநிலையான ஆள் வேண்டும் என்று பெஞ்சமின் அம்பியை உட்கார வைத்தான். அம்பி செங்கல்பட்டுக்காரர். கருவூலத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமல்லபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்துக் கோவளம் வருவார். மனைவி பர்வதத்துக்குத் தெரிந்தது பெருமாள் வரைக்கும்தான். வீட்டில் பூண்டு படியேறினதில்லை. ரத்னாவின் புதினா சட்னியில் பூண்டு உண்டு. கறி சாப்பிடாதவர் என்பதால் சாசேஜ் கொடுத்து அவரை விலைக்கு வாங்க முடியாது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. வாழைக்காயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அம்பி ப்ளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, நோட்டில் கோடு கிழித்தார். ரத்னா பக்கம் இரண்டு பத்தி: விற்றது, கொசுறு. தாமோதரன் பக்கம் ஒரே பத்தி.

"ஏம்ப்பா, உனக்குக் கொசுறு கிடையாதா?"

"ஃபிக்ஸட் ரேட் சார். நூத்தி இருவது. பேரம் இல்ல, கொசுறு இல்ல. இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு."

"திவ்யம்" என்றார் அம்பி. "எழுதறவனுக்கு வேலை மிச்சம்."

பத்து மணிக்குப் பெஞ்சமின் ஒரு சைக்கிள் பெல்லை அடித்தான். மேற்குக் காற்று மாயவன் சொன்ன சொல் தவறாமல் வீசிக்கொண்டிருந்தது. ரத்னாவின் மசாலா வாசனை மதில் ஓரத்திலிருந்து ரோட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தது. தாமோதரனின் வாசனை கிழக்கே கிளம்பி, படகுகளைத் தாண்டி, அலைகளைத் தாண்டிப் போயே போய்விட்டது. அன்று காலை வங்காள விரிகுடாவில் இருந்த மீன்களுக்கெல்லாம் சிகாகோ எப்படி மணக்கும் என்று தெரிந்திருக்கும்.

வந்த ஒன்றிரண்டு பேரையும் தாமோதரனே விரட்டினான்.

"தம்பி, கொஞ்சம் தக்காளி சாஸ் ஊத்துங்க."

"சிகாகோ ஸ்டைல்ல சாஸ் ஊத்தக் கூடாது சார்."

"யாரு சொன்னா?"

"சிகாகோல சொல்றாங்க."

"நான் மேடவாக்கம்பா. எனக்கு ஊத்து."

"வேணும்னா நியூயார்க் வாங்கிக்கோங்க. அதுல கடுகு சாஸும் முட்டகோஸும் வரும்."

"முட்டகோஸுக்கு நூத்தி இருவதா? வூட்ல ஒரு வாரமா அதான் நாஸ்தா" என்று மேடவாக்கத்துக்காரர் ரோட்டைக் கடந்தார். ரத்னா அவருக்குச் சாஸ் ஊற்றினாள், சட்னி ஊற்றினாள், இன்னும் கேட்டிருந்தால் சாம்பாரே ஊற்றியிருப்பாள்.

பன்னிரண்டரைக்கு ரத்னா தட்டில் மிச்சம் நாற்பத்தைந்து. தாமோதரன் தட்டில் எண்பத்தேழு. பெஞ்சமின் மனசுக்குள் ஐந்நூறுக்குக் காரியம் செய்யத் தொடங்கிவிட்டான்.

அப்போதுதான் மண்டபத்து மதில்மேல் காய்ந்தபடி அதுவரை கடல் பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஒரு லுங்கி, ஒரு நிமிடம் சும்மா தொங்கியது. பிறகு மெல்ல மேற்கே திரும்பி ஆடியது.

ரத்னா லுங்கியைப் பார்த்தாள். பிறகு, வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மாயவனைப் பார்த்தாள். மாயவன் ஒரு கையால் மீசையை மூடிக்கொண்டான்.

"யோவ்! ரெண்டரைன்னியே!"

"காத்துக்கு இன்னா, வாட்ச்சா கட்டிக்கீது?" என்று சொல்லிவிட்டு, வலையைப் பார்க்க வேண்டிய அவசரம் திடீரென்று வந்தவனாக அவன் கடற்கரைப் பக்கம் நடந்தான். நடையா அது, ஓட்டம்.

இரண்டு மணி நேரம் தாமோதரனுக்கு யோகம். வறுபடும் சாசேஜின் புகை பஸ் ஸ்டாப்பை மூடியது. சென்னையிலிருந்து வந்திறங்கிய கூட்டம் பலகையைப் படித்து, செல்ஃபி எடுத்து, சிகாகோவைக் கடித்தது. ரெண்டரை மணிக்கு அம்பி தலையை உயர்த்தி, "ரத்னாம்மா, உன் மிச்சம் நாற்பது. அவனோடது முப்பத்தஞ்சு" என்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் விற்றது நாலே நாலு. கொசுறோடு சேர்த்து ஐந்து. அதிலும் ஒன்று அம்பி காசு கொடுத்து வாங்கின வாழைக்காய்.

ரத்னா மதிலில் சாய்ந்து நின்றாள். ஆடு ஒன்று வந்து நம்பிக்கையோடு அவளைப் பார்த்தது.

அந்த நேரத்தில் ஒரு வேட்டிக்காரர், மனைவியும் இரண்டு மச்சினிச்சிகளும் பின்தொடர, வண்டிப் பக்கம் வந்தார். பெயர் ஜெயக்குமார் என்று பிறகு தெரிந்தது. "இன்னாம்மா, அங்க நியூயார்க்குன்றான், சிகாகோன்றான். உன்னுது எந்த ஊரு ஸ்டைலு?"

மீன்காரிக்கு ஒரு பழக்கம். விலையோ வேறெதுவோ, தான் முதலில் வாயைத் திறக்கமாட்டாள். எதிராளியைச் சொல்ல வைப்பாள். "நீங்க எந்த ஊருண்ணே?"

"படாளம்."

"இது படாளம் ஸ்டைல்தான்" என்றாள் ரத்னா.

ஜெயக்குமார் திரும்பி மனைவியைப் பார்த்தார். அமெரிக்காவின் மூன்று ஊர்களுக்குப் பக்கத்தில் தன் ஊர் நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "படாளம் ஸ்டைலு! கேட்டியா?" என்றார். நாலு வாங்கினார். ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார். முகம் கறுத்தது.

"இது படாளம் ஸ்டைலு இல்ல."

"இன்னாண்ணே கொறை?"

"நான் பொறந்து வளந்தவன் சொல்றேன். படாளம்னா கரும்பு. ஊரைச் சுத்திக் கரும்பு. நாட்டுச்சக்கரை இல்லாம எவன் படாளம் ஸ்டைலு செய்வான்?" அவர் குரலில் உண்மையான வலி இருந்தது. அவர் வாழ்க்கையில் சாப்பிட்ட முதல் ஹாட் டாக் அது. "வேர்க்கடலைகூட இல்ல. அந்நியாயமா கீது."

ரத்னா ஒரு நொடி தாமதிக்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து நாட்டுச்சர்க்கரையும் வேர்க்கடலையும் வந்தன. "ஒண்ணுக்கு மேல தூவிக் காட்டறேன், சரியா கீதான்னு சொல்லுங்க. அறுபது ரூபா." சரிபார்க்க அவர் இன்னும் நாலு வாங்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கொசுறும் சரிபார்த்தார்கள். "இப்பதான் படாளம் வந்துச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மீன் விலை எழுதும் சிலேட்டை ரத்னா எடுத்து வண்டிமேல் சாத்தினாள். 'படாளம் ஸ்டைல்' என்று எழுதினாள். கீழே நிறைய இடம் இருந்தது. எனவே 'மாமல்லபுரம் ஸ்டைல்' என்றும் எழுதினாள்.

மாமல்லபுரத்துப் பையன்கள் மூன்று பேர் உடனே வந்தார்கள். ரத்னா கத்தியால் சாசேஜின் ஒரு பாதியில் பூவும் கொடியுமாகக் கீறினாள். மறுபாதியைத் தொடவில்லை.

"இன்னாக்கா, மிச்சம் பாதி?"

"பல்லவ ராசாவே பாதில வுட்டுட்டுத்தான் போனாரு. நான் முடிச்சா அது மாமல்லபுரம் ஸ்டைலா?"

மூன்று பேரும் காசை எடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள்.

"செங்கல்பட்டு?" என்றார் அம்பி, நாற்காலியிலிருந்து. "மாவட்டத் தலைநகர். அதை விட்டுட்டு எப்படி?"

"சார், நீங்களும் ஜட்ஜி மாரிதான்."

"ஜட்ஜுக்கு ஊர் கிடையாதா?"

செங்கல்பட்டு ஸ்டைல் ஹாட் டாக் வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுக்கப்பட்டது. தாளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, அம்பி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கெஜட்டட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். பச்சை மைப் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. வாங்க வந்தவர்களை அவர் ஐந்து நிமிடம் நிற்க வைத்தார். இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லப் பார்த்தார். ரத்னா குறுக்கே விழுந்து தடுத்தாள். என்ன ஆச்சரியம், நின்ற செங்கல்பட்டுக்காரர்கள் யாரும் கோபப்படவில்லை. ஒருவர் மட்டும் இரண்டு பிரதி வேண்டும் என்றார்.

அதற்குள் படாளத்துக்காரர் பஸ் ஸ்டாப்புக்கே போய் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். "எங்க ஊரு ஸ்டைலு சாப்ட்டீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டார். மதுராந்தகத்துக்காரர் ஒருவர், வேர்க்கடலை போடுவது எங்கள் வழக்கம், படாளம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றார். சண்டை மூண்டது. சண்டையைத் தீர்க்க இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வாங்கி, மற்றவர் வாயில் திணித்துக் காட்டினார்கள். அன்று மதியம் பிறந்த பலகாரத்துக்கு, சாயங்காலத்துக்குள் பரம்பரை பரம்பரையாகப் பாத்தியதை கொண்டாடும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆனாலும் தாமோதரனின் காற்று நிற்கவில்லை. மூன்றே முக்காலுக்கு அவனிடம் ஐந்து. ரத்னாவிடம் மூன்றே முக்கால். மூன்று ஐம்பதுக்கு அவனிடம் இரண்டு. அவளிடம் ஒன்றேகால்: முழுசாக ஒன்று, அதற்குரிய கொசுறு ஒரு கால். வேன் ஜன்னலில் ஒரு ஜோடி பர்ஸைத் திறந்தபடி நின்றது. இரண்டு பேர், இரண்டு ஹாட் டாக். ரத்னாவின் வண்டிமுன் ஆடு மட்டும் நின்றது.

ரத்னாவின் கையில் சாக்பீஸ் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாமோதரன் இரண்டு பன்னையும் பிளந்துகொண்டிருந்தான். அவன் முகத்தையே பார்த்தபடி, சிலேட்டில் மிச்சமிருந்த கடைசி வரியில், கொட்டை எழுத்தில், 'ஊரப்பாக்கம் ஸ்டைல்' என்று எழுதினாள். எழுதிவிட்டு உரக்கச் சொன்னாள்: "ஊரப்பாக்கம் ஸ்டைலு! ரயில்ல நின்னுகினே சாப்புடலாம்! நல்லா உப்பலா, குண்டா, பூவாட்டம் கீது!"

தாமோதரனின் கை நின்றது.

"உப்பலாவா?" என்றான்.

"சார், எங்க ரெண்டு..." என்றது ஜோடி.

"ஒரு நிமிசம் இருங்க மேடம்." அவன் வேனைவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்தான். வந்த ஒரு ஆட்டோ ப்ரேக் போட்டுத் திட்டியது. அவன் கவனிக்கவில்லை. "அக்கா, வேற எதுனா சொல்லு, நான் கேக்க மாட்டேன். ஊரப்பாக்கத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? காலைல எட்டு மணி வண்டி எப்பிடி வரும் தெரியுமா? செங்கல்பட்டுலயே ரொம்பிடும். எங்க ஸ்டேசன்ல ஏறினா ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. தாம்பரம் தாண்டித்தான் மூச்சே வுட முடியும். அதுல உப்பலா கீற ஹாட் டாக்கை எவன் கொண்டு போவான்?"

"அப்பிடியா? நான் இன்னா கண்டேன் தம்பி. பின்ன எப்பிடி இருக்கணும்?"

"நசுங்கிக் கீணும்கா! குடு இங்க!"

"அறுபது ரூபா."

"எழுதிக்கோ!" அவன் அந்தக் கடைசி ஹாட் டாக்கை எடுத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, எட்டு மணி வண்டி என்ன செய்யுமோ அதைச் செய்தான். தோசை போலத் தட்டையாகிவிட்டது. பிறகு ஒரு கையை மேலே தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைப் பக்கவாட்டில் கடித்தான். "இதான் ஊரப்பாக்கம் ஸ்டைலு!"

கூட்டம் கைதட்டியது. கூட்டத்திலிருந்த ஊரப்பாக்கத்து ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரத்னாவின் கை, அவளைக் கேட்காமலே, கடைசிக் கால் பங்கை எடுத்து அவன் கையில் வைத்தது. தட்டில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் மிச்சம்.

வேன் ஜன்னலில் நின்ற ஜோடி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. பெஞ்சமின் பெல்லை அடித்தான். மணி மூன்று ஐம்பத்தாறு.

தாமோதரன் மெல்வதை நிறுத்தினான். தட்டைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். எதிரே தன் வேனைப் பார்த்தான்.

"செல்லாது!" என்றான், வாய் நிறைய. "நான் தொண்ணூத்தெட்டு வித்துக்கீறேன். அக்கா வித்தது எம்பதுதான். மிச்சம் இருவதும் கொசுறு, சும்மா குடுத்தது! சார், நோட்டைப் பாருங்க!"

அம்பி நோட்டைப் பார்த்தார். "விற்றது எண்பது. கொசுறு எண்பது கால், அதாவது முழுசாக இருபது. அவன் சொல்றது வாஸ்தவம்" என்றார், ரத்னாவின் முகத்தைப் பார்க்காமல்.

எல்லோரும் பெஞ்சமினைப் பார்த்தார்கள். அவனுடைய தலைக்குள் ஐந்நூறு கடைசியாக ஒருமுறை சிறகடித்தது. பிறகு அவன் கடற்கரைக்காரனாகவே பேசினான். "தம்பி, யாரு தட்டு காலியாவுதோன்னுதான் நான் சொன்னேன். யாரு ஜாஸ்தி வித்தாங்கன்னு சொல்லல. அதுவும் போவட்டும். மீனு வேற, கொசுறு வேறன்னு எந்தக் கடக்கரைல கேட்ட? கொசுறு வுழாம வியாபாரமே முடியாது. உன் தொண்ணூத்தெட்டுல ஒண்ணுகூட இன்னும் முடியல."

தாமோதரன் அந்தக் கால் பங்கையும் வாயில் போட்டுக்கொண்டான். யோசித்தான். "நெத்திலி சூப்பரா கீதுக்கா" என்றான் கடைசியில். தோற்றவன் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

சாயங்காலம் அம்பி தாமோதரன் பெயரில் ஒரு பக்கம் ஒதுக்கினார். ரத்னா சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு நாள் காற்று ஐந்நூறு. மத்தியானம் வரைக்கும் காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததே என்று தாமோதரன் கத்தியதால், அதில் பாதி கழிவு. ரத்னா மறுப்பே சொல்லவில்லை. காற்று விஷயத்தில் அவள் கறார்.

"நாய் ஜோக் ஒண்ணு, பத்து ரூபா" என்றாள்.

"எப்போ சொன்னேன்?"

"வெள்ளிக்கெழமை. எறங்கின ஒடனே."

எல்லாம் கூட்டி, முன்பணம் கழித்தால், நூற்றிருபது வந்தது. தாமோதரன் முகம் மலர்ந்தது. "என்கிட்ட ரெண்டு சிகாகோ மிச்சம் கீது. ஒண்ணு நூத்தி இருவது. ஃபிக்ஸட் ரேட். ஒண்ணைப் புடி, கணக்கு நேர்."

"நாலு மணிக்கு மேல ஆறிப்போன சிகாகோ" என்றாள் ரத்னா, விரலால் அமுக்கிப் பார்த்து. "அறுபது."

அவன் வானத்தைப் பார்த்தான். கடல் காற்று, இப்போது வந்து என்ன பயன், ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. இரண்டையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் ஒன்றைப் படகு மறைவிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்த மாயவனுக்குக் கொடுத்தாள். அவன் மீசை பத்திரமாகத்தான் இருந்தது. இன்னொன்றை ஆட்டுக்குப் போட்டாள். பிறகு பழக்கப்படி, வெறும் கையை மறுபடி தாமோதரன் முன்னால் நீட்டினாள். அவன் தன் காலித் தட்டைக் கவிழ்த்துக் காட்டினான்.

அம்பி பேனாவைத் திறந்து, கணக்கை முடித்து, பச்சை மையில் கையெழுத்திட்டார்:

காற்று, அரை நாள் — 250
ஊரப்பாக்கம் ஸ்டைல், நசுங்கியது, 1 — 60
ஜோக், பழையது, 1 — 10
ஆக மொத்தம் — 320
முன்பணம் — 200
சிகாகோ ஸ்டைல், ஆறியது, 2 — 120
ரொக்கம் பாக்கி — இல்லை
கொசுறு பாக்கி — 1